15ஐ 25 ஆக்கலாமா? திருகோணமலைக் கடலில் இயந்திரத்தின் உள்சாமான் மாற்றுமுன் பார்க்கவேண்டியவை

திருக்கடலூர்க் கரையிலோ மூதூரிலோ ஒரு வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றி வைத்திருக்கும் இடத்தில் அரை மணித்தியாலம் நின்றால் இந்தக் கேள்வி காதில் விழும். பிஸ்டன், ரிங், கனெக்டிங் ரொட், கிராங் பேரிங் எல்லாவற்றையும் 'ஸ்பெஷல்' சாமானாகப் போட்டு, ஹெட்டையும் கொஞ்சம் சீவிவிட்டால் 15 குதிரைவலு இயந்திரம் 25 போல இழுக்குமா? கேட்பவர் பெரும்பாலும் இளைஞர். கையில் வெளிநாட்டிலிருந்து அண்ணனோ அக்காவோ அனுப்பிய காசு இருக்கும், அல்லது மனைவியின் நகை அடகில் இருக்கும். புது இயந்திரம் வாங்க அது காணாது. உள்சாமான் மாற்றக் காணும். அதனால்தான் அந்த யோசனை இவ்வளவு கவர்ச்சியாகத் தெரிகிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தில் ஒன்பது பேர் செய்யக்கூடாது. மிச்சம் உள்ள ஒருவருக்கும் உள்சாமான் மாற்றத் தேவை வராது. ஏன் என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

அதற்குமுன், குதிரைவலு என்ற எண் இந்தக் கரையில் வெறும் எண்ணாக இருந்ததில்லை என்பதைச் சொல்லவேண்டும். 1995 ஏப்ரல் 19ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்துக்குள் சூரயா, ரணசுறு என்ற இரண்டு கடற்படைக் கலங்கள் தகர்க்கப்பட்டதோடு மூன்றாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. அதன்பின் பதினான்கு ஆண்டுகள், இடையில் வந்த போர்நிறுத்தக் காலம் தவிர, இந்தக் கடல் போர்க்களம். இரு தரப்புமே கண்ணாடியிழைப் படகுகளில் பெரிய வெளியிணைப்பு இயந்திரங்களைப் பூட்டித்தான் ஓடின. ஆகவே மீனவனின் படகில் என்ன இயந்திரம் இருக்கிறது, எத்தனை குதிரைவலு, எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்குத் திரும்பவேண்டும் என்பதெல்லாம் காவலரணில் கேட்கப்பட்டன. பாஸ் இல்லாமல் கடலில் இறங்க முடியாது. பெரிய இயந்திரம் வைத்திருப்பதே சந்தேகத்துக்குப் போதுமாக இருந்த காலம் அது.

2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கை மீன்பிடித் தடைகளைத் தளர்த்தியது. ஆனால் துறைமுகங்கள், அவற்றின் நுழைவழிகள், குடாக்கள், முகத்துவாரங்கள் ஆகியவற்றை விலக்கி வைத்தது. உள்துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவையும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை. அதே உடன்படிக்கையின் பொருட்பட்டியலில் திசைகாட்டியும் தொலைநோக்கியும் பென்லைற் பற்றரியும்கூட இடம்பெற்றிருந்தன. கரைக்கு அப்பால் போகவேண்டிய தொழிலுக்குத் திசைகாட்டியே தடைப்பொருள். அந்த நாட்களில் நம்மூர் மெக்கானிக்குகள் கற்றது ஒரு தனிக் கலை. கிடைத்த சாமானைக் கிடைத்த இயந்திரத்துக்குப் பொருத்தி ஓடவைப்பது. இன்றைய 'உள்சாமான் மாற்றினால் எல்லாம் சரி' என்ற நம்பிக்கையின் வேர் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தக் கைத்திறனைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு இயந்திரத்தை ஓடவைப்பதும் அதன் வலுவைக் கூட்டுவதும் இரண்டு வேறு வேலைகள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2006இல் மூதூர், சம்பூர் இடப்பெயர்வு, 2015-16இல் சம்பூர் மக்கள் படிப்படியாகத் திரும்பியது: ஒவ்வொன்றிலும் படகும் இயந்திரமும் போய், மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கியவர்கள் பலர். பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த படகுகளில் நல்லவையும் இருந்தன, கரைக்குப் பொருந்தாதவையும் இருந்தன. அப்படி வந்த ஓடுகளில் சில இன்னும் கடலில் உள்ளன. இதை மறக்கவேண்டாம். கீழே ஒரு இடத்தில் தேவைப்படும்.

குதிரைவலு எங்கிருந்து வருகிறது

ஒரு நிமிடத்தில் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்றும் எரிபொருளும் எரிகிறதோ அதுதான் வலு. அதைக் கூட்ட வழிகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. சிலிண்டரைப் பெரிதாக்கலாம். கூடிய சுற்றில் ஓடவிடலாம். காபரேற்றர், போர்ட், புகைபோக்கி ஆகியவற்றை மாற்றி ஒவ்வொரு அடிப்பிலும் கூடுதலாக நிரப்பலாம். அமுக்கவிகிதத்தைக் கூட்டலாம். பெரிய டீசல் இயந்திரங்களில் ரேர்போ போடலாம். இந்தப் பட்டியலில் பலமான பிஸ்டனும் பலமான ரொட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை வலுவைத் தருவதில்லை. வேறு வழியில் கூட்டிய வலுவைத் தாங்கும், அவ்வளவுதான். விலைகூடிய பிஸ்டனைப் பழைய இயந்திரத்தில் போட்டுவிட்டு வேறெதையும் மாற்றாமல் விட்டால் 15 குதிரைவலு 15 ஆகவே இருக்கும்.

போர் பண்ணுவது பற்றியும் ஒரு கணக்குப் பார்ப்போம். யமஹாவின் டூ ஸ்ரோக் 15 குதிரைவலு பெற்றோல் இயந்திரத்தில் இரண்டு சிலிண்டர். ஒவ்வொன்றின் விட்டம் 56 மில்லிமீற்றர், அடிப்பு 50 மில்லிமீற்றர், மொத்தம் 246 கனசென்ரிமீற்றர். தேய்ந்த சிலிண்டரை அரை மில்லிமீற்றர் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் விட்டம் 56.5 ஆகும். கொள்ளளவு கூடுவது நூற்றுக்கு 1.8 வீதம். 15 குதிரைவலுவில் அது கால் குதிரை. போர் பண்ணிய பின் இயந்திரம் புதிதுபோல இழுப்பதாகத் தோன்றுவது உண்மைதான். அது கூடிய கொள்ளளவால் வந்ததில்லை. கசிந்துகொண்டிருந்த அமுக்கம் திரும்பி வந்ததால் வந்தது. தேய்மானத்தைச் சரிசெய்தீர்கள், வலுவைக் கூட்டவில்லை.

சுற்றைக் கூட்டுவதற்கு வருவோம். பிஸ்டன் மேலே போய் நின்று கீழே திரும்பும் ஒவ்வொரு முறையும் ரொட்டை இழுக்கிறது. அந்த இழுவிசை சுற்றின் வர்க்கத்தோடு கூடும். 5500 சுற்றில் ஓடியதை 6000இல் ஓடவிட்டால் சுற்று கூடியது 9 வீதம். இழுவிசை கூடியது 19 வீதம். டூ ஸ்ரோக்கில் கிராங் பேரிங்குக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலந்து வரும் எண்ணெய்ப் புகைதான் உயவு. ஆகவே ரொட் முறிவதற்கு முன்பே பேரிங் காய்ந்து நீலம் பாரித்துவிடும். கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும்.

போர்ட்டை உயர்த்தி வெட்டுவது சிலர் பெருமையாகச் செய்யும் வேலை. புகை வெளியேறும் போர்ட்டைச் சற்று மேலே உயர்த்தினால் உயர்ந்த சுற்றில் வலு கூடும் என்பது சரி. அதற்கு விலை, கீழ்ச்சுற்றில் இழுவை போவது. பந்தயப் படகுக்கு அது பரவாயில்லை. வலை, ஐஸ்பெட்டி, மூன்று ஆள், எரிபொருள் எல்லாம் ஏற்றிய 18 அடிப் படகு தண்ணீரில் படுத்த நிலையிலிருந்து மேலெழும்ப வேண்டியது அதே கீழ்ச்சுற்றில்தான். வெறும் படகில் ஓடிப் பார்த்தபோது பறந்தது, மீனோடு வரும்போது எழும்பவில்லை என்ற கதை இப்படித்தான் நடக்கிறது.

மண்ணெண்ணெய் என்ற தனிப் பிரச்சினை

இணையத்தில் கிடைக்கும் வீடியோக்கள் கார் இயந்திரங்களைப் பற்றியவை, அதுவும் உயர் ஒக்ரேன் பெற்றோலில் ஓடுபவை. நம் கரையில் பாதிக்கு மேல் கதை மண்ணெண்ணெய்.

மண்ணெண்ணெயின் ஒக்ரேன் பெற்றோலைவிட மிகக் குறைவு. அதாவது அழுத்தமும் சூடும் சற்றுக் கூடினாலே பிளக் பொறி விடுமுன் தானாகவும் தாறுமாறாகவும் வெடிக்கும். அதனால்தான் மண்ணெண்ணெய் இயந்திரங்களைத் தயாரிப்பவர்கள் அமுக்கவிகிதத்தைக் குறைத்தே செய்கிறார்கள். பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு வரச் சொல்கிறார்கள். இப்போது லேத்தில் கொடுத்து ஹெட்டைச் சீவினால் என்ன நடக்கும்? தயாரித்தவர் வேண்டுமென்றே விட்ட இடைவெளியை நீங்கள் அழிக்கிறீர்கள். முதல் நாள் இழுவை கூடும். டொக் டொக் என்ற சத்தம் வெளியிணைப்பு இயந்திரத்தின் இரைச்சலில் கேட்காது. காரில் ஓட்டுநருக்குக் கேட்கும், நவீன காரில் உணரியும் உண்டு. இங்கே இரண்டும் இல்லை. சில பயணங்களில் பிஸ்டனின் தலை அரிபட்டு, ரிங் இருக்கும் விளிம்பு உடைந்து, ஒருநாள் புறாத்தீவுக்கு அப்பால் இயந்திரம் நின்றுபோகும்.

இதற்குப் பதிலாக அடித்து உருவாக்கிய பிஸ்டன், கடைகளில் ஃபோர்ஜ் பிஸ்டன் என்பார்களே, அதைப் போட்டால் தாங்காதா என்று கேட்கலாம். வார்ப்புப் பிஸ்டனைவிட அது அடியைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பந்தயத்துக்குச் செய்யப்படும் வகையில் சிலிக்கன் மிகக் குறைவு, ஆகவே சூட்டில் கூடுதலாக விரியும். அதற்காகச் சிலிண்டரில் கூடிய இடைவெளி விடவேண்டும். வெளியிணைப்பு இயந்திரத்தில் சிலிண்டரைக் குளிர்விப்பது ஓயாது உள்ளே வரும் கடல்நீர். பிஸ்டனோ உள்ளே கொதிக்கிறது. இடைவெளியைப் பழைய அளவிலேயே விட்டால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் கவ்விக்கொள்ளும். கூட்டி விட்டால் தொடக்கத்தில் தட்டும், ரிங் சீக்கிரம் தேயும், எண்ணெய்க் கலவையையும் கூட்டவேண்டும். இந்த அளவெல்லாம் மைக்ரோமீற்றரில் அளந்து செய்யும் வேலை. கையால் தடவிப் பார்த்துச் செய்வதில்லை.

கார் ஏன் உதாரணமாகாது என்பதற்கு இன்னொரு காரணம், எனக்கு இதுவே முதன்மையாகப் படுகிறது. 300 குதிரைவலுவுக்கு உயர்த்திய கார் வீதியில் சாதாரணமாக ஓடும்போது 20 குதிரைவலு அளவே பாவிக்கிறது. முழு வலுவும் சில விநாடிகளுக்குத்தான் தேவைப்படுகிறது. படகு அப்படி இல்லை. தண்ணீருக்குச் சரிவு கிடையாது. கைப்பிடியை முழுக்கத் திருகினால் கரை சேரும்வரை முழு வலு. ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். காரில் மாதக்கணக்கில் ஓடும் ஒரு மாற்றம் படகில் ஒரு பயணத்தில் வெளிப்பட்டுவிடும்.

அப்படியானால் யாருக்கு ஆகும்

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் விடை வேறு. தயாரிப்பாளர்கள் ஒரே பிளொக்கை இரண்டு குதிரைவலுவில் விற்பதுண்டு. மேலே சொன்ன யமஹா 246 கனசென்ரிமீற்றர் பிளொக்கே 9.9 ஆகவும் 15 ஆகவும் வந்தது. சிறியதில் உள்ளே போகும் கலவையை மட்டுப்படுத்தியிருப்பார்கள். உங்களிடம் அந்தச் சிறியது இருந்தால், தயாரிப்பாளரின் 15க்குரிய வெளிப்பாகங்களைப் போட்டு அந்த அளவுக்கு வரலாம். பிஸ்டனும் கிராங்கும் அதற்கேற்றபடியே செய்யப்பட்டவை. ஆகவே எந்த இயந்திரத்துக்கும் கேட்கவேண்டிய முதற்கேள்வி: இதே விட்டம், இதே அடிப்பு, இதே எரிபொருளில் தயாரிப்பாளர் விற்ற அதிகூடிய குதிரைவலு எது? அதற்குள் நின்றால் உள்சாமான் மாற்றத் தேவையில்லை. அதைத் தாண்டவேண்டும் என்றால் அந்த இயந்திரம் உங்கள் தேவைக்குரியது இல்லை. உள்சாமானுக்குக் கொட்டும் காசைச் சேர்த்துவைத்து, நல்ல நிலையிலுள்ள பெரிய இயந்திரத்தைத் தேடுவதே மலிவு.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் பலநாட் கலங்களின் டீசல் இயந்திரங்கள் வேறு வகை. அங்கே ஆபத்து பம்பின் திருகாணியில் இருக்கிறது. எரிபொருளைக் கூட்டித் திருகினால் வலு கூடும், கரும்புகை வரும், புகைவாயுவின் சூடு ஏறும், பிஸ்டன் உருகும். கரும்புகை என்பது எரியாமல் போகும் உங்கள் காசு.

வலு போதவில்லை என்று முடிவெடுக்குமுன்

என் அனுபவத்தில், 'இழுக்கவில்லை' என்று வரும் படகுகளில் பெரும்பாலானவற்றில் இயந்திரத்தின் வலு குறைவதில்லை, எங்கோ வீணாகிறது. முதலில் ஓட்டைப் பாருங்கள். பழைய கண்ணாடியிழைப் படகுகளின் இரட்டைத் தளத்துக்குள் போட்ட நுரை தண்ணீர் குடித்துப் பாரமாகியிருக்கும். கரையில் ஏற்றும்போது முன்பு நான்கு பேர் தள்ளியதை இப்போது ஆறு பேர் தள்ளவேண்டியிருக்கிறதா? விடை அங்கே இருக்கிறது. பேரலைக் கால நிவாரணப் படகுகள் இருபது வயதைத் தாண்டிவிட்டன. அடிப்பகுதியில் ஒட்டிய சிப்பியும் பாசியும் இன்னொரு காரணம்.

அடுத்தது புரொப்பெல்லர். முழுக்கத் திருகி, வழமையான சுமையோடு ஓடும்போது இயந்திரம் கைநூலில் சொன்ன சுற்றுக்கு வருகிறதா என்று சுற்றுமானியால் பார்க்கவேண்டும். இத்தகைய டூ ஸ்ரோக் இயந்திரங்களுக்கு அது பெரும்பாலும் 4500 முதல் 5500 வரை. அந்த அளவுக்கு வராமல் திணறினால் சாய்வளவு கூடிய புரொப்பெல்லர் போட்டிருக்கிறீர்கள். ஒரு அங்குலச் சாய்வு குறைத்தால் ஏறத்தாழ 150 முதல் 200 சுற்று கூடும். விளிம்பு மடிந்த, பாறையில் பட்டுத் தேய்ந்த புரொப்பெல்லரை மாற்றுவது ஒரு செற் பிஸ்டனைவிட மலிவு.

பிறகுதான் இயந்திரம். இரண்டு சிலிண்டரின் அமுக்கத்தையும் கேஜ் போட்டு அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடையில் நூற்றுக்குப் பத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் ரிங் அல்லது சிலிண்டர் வேலை இருக்கிறது. குளிர்நீர் பீச்சுவது பலவீனமாக இருந்தால் இம்பெல்லரையும் உப்புப் படிந்த வழிகளையும் பார்க்கவேண்டும். கியர்பெட்டி எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பிளக்கின் நுனி வெள்ளையாக வெந்திருந்தால் கலவையில் எரிபொருள் போதவில்லை. அந்த நிலையில் எந்த விலைப் பிஸ்டன் போட்டாலும் அது கவ்வும்.

எரிபொருள் கணக்கையும் போட்டுவிடுவோம். முழு வலுவில் ஓடும்போது குதிரைவலுவில் பத்தில் ஒரு பங்கு அமெரிக்கக் கலன் ஒரு மணித்தியாலத்துக்கு எரியும் என்பது படகோட்டிகளின் பொதுவான கைக்கணக்கு. ஒரு கலன் 3.8 லீற்றர். ஆக 15க்கு 5.7 லீற்றர், 25க்கு 9.5 லீற்றர். பழைய காபரேற்றர் இயந்திரங்கள் இதைவிடக் கூடவே குடிக்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனபோது இந்த வித்தியாசம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 330 ரூபாவிலிருந்து 1290க்குப் போனது. போக இரண்டு, வர இரண்டு என்றால் நாளுக்கு ஐயாயிரம். வேகம் கூடினால் நேரம் குறையும்தானே என்பது நியாயமான கேள்வி. படகு தண்ணீருக்கு மேலெழும்பி ஓடினால் குறையும். எழும்பாத படகுக்கு ஒரு எல்லை இருக்கிறது: நீர்மட்டத்தில் 20 அடி நீளமான ஓடு ஏறத்தாழ 6 கடல்மைல் வேகத்துக்குமேல் தன் அலையையே தள்ளிக்கொண்டு போகும். அதற்குமேல் கொட்டும் வலு அலையாகப் போய்விடும். மறுபக்கம், முழுச் சுற்றில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் புரொப்பெல்லர் கேட்கும் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அவசரமில்லாத நாளில் இதைவிடப் பெரிய சேமிப்பு எந்த உள்சாமானிலும் கிடையாது.

பெரிய இயந்திரமே வாங்குவது என்று முடிவானால் படகின் பின்பலகையைப் பாருங்கள். 15 குதிரைவலு டூ ஸ்ரோக் ஏறத்தாழ 36 கிலோ. 40 குதிரைவலு 70 கிலோ அளவில் வரும். அந்தப் பாரத்துக்கும் தள்ளுவிசைக்கும் பலகை உக்காமல் இருக்கவேண்டும், பின்பக்கம் தாழ்ந்து வாடைக்கடலில் தண்ணீர் ஏறாமல் இருக்கவேண்டும். படகுப் பதிவில் எழுதியுள்ள இயந்திர விபரம் மாறும் என்பதால் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கடலில் மறித்துக் கேட்கும்போது பத்திரத்தில் ஒன்றும் படகில் இன்னொன்றும் இருப்பது என்ன அலைச்சலைத் தரும் என்பதை நம்மவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தேய்ந்த இயந்திரத்தைத் தயாரிப்பாளரின் அளவிலேயே பிரித்துப் பூட்டுவது மட்டும் எப்போதும் பயனுள்ள செலவு. அதற்குக் கொடுக்கும்போது சிலிண்டரை எத்தனை மில்லிமீற்றர் வெட்டினார்கள், பிஸ்டனுக்கு எவ்வளவு இடைவெளி விட்டார்கள், ஹெட்டை மட்டம் பார்த்தார்களா சீவினார்களா என்று கேட்டு ஒரு கடதாசியில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். பூட்டிய பின் முதல் பத்து மணித்தியாலம் முழுக்கத் திருகாமல், சுற்றை ஏற்றியும் இறக்கியும், எண்ணெய்க் கலவையைக் கைநூல் சொல்லும் பழக்கக்கால அளவுக்குக் கூட்டி ஓடவேண்டும். அந்தப் பத்து மணித்தியாலத்தையும் கொட்டியாரக் குடாவுக்குள், கைபேசிச் சிக்னல் உள்ள தூரத்தில், பக்கத்தில் இன்னொரு படகு ஓட, துடுப்பும் குடிதண்ணீரும் ஏற்றிக்கொண்டு ஓடுங்கள்.